‘ஹாவ்’ என்னும் ஆங்கில வினையும் அதன் உருது, தமிழ்ப் பொருள்களும்: இணுவிற் குறிப்பேடு ஒன்றினை முன்வைத்து ஒரு நோக்கு

ஆங்கில வினைச்சொற்களின் பொருளையும் பிரயோகத்தையும் கற்பிக்க எழுந்த கைந்நூல்களுக்கு நம்மிடையே குறைவில்லை. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இடப்புறத்தில் ஆங்கில வினையும் அதன் மூன்று வடிவங்களும் நிற்கும். வலப்புறத்தில் தமிழ்ப் பொருள் என்ற பெயரில் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொற்கள் நிற்கும். இவற்றை மனனஞ் செய்த மாணவன் ஒருவன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமேனும் பிழையின்றி அமைக்க இயலாது தடுமாறுவதை ஆசிரியர் யாவரும் அறிவர். அதற்குக் காரணம் மாணவனது மந்தபுத்தியே என்று கூறிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. இக்காரணம் பொய் என்பதே எமது கருத்து. அக்கருத்தினை நிறுவுவதற்கு எமக்குக் கைகொடுப்பது எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைத்த சான்றாகும்.

இணுவிலிலே புகையிலைத் தோட்டஞ் செய்த குடும்பம் ஒன்றிற் பிறந்தவர் எமக்கு அம்மான் முறையான ஒருவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட அவர், 1980களின் முற்பகுதியில் துபாய்க்குக் கட்டட வேலைக்குச் சென்றார். அங்கே அவருடன் ஒரே அறையில் வாழ்ந்தோர் பாகிஸ்தானியர். வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் பேசியது ஆங்கிலம். அறையிலே புழங்கியது உருது. அம்மான் முதலில் உருதுவைக் காதாற் கற்றார். பின்னர் அந்த உருதுவைக் கொண்டே ஆங்கிலத்தைக் கற்றார். அவ்வாறு கற்றபோது அவர் எழுதிய குறிப்பேடு, அவர் காலமான பின்னர், எமது பார்வைக்குக் கிடைத்தது. அதில் மூன்று பத்திகள் உள்ளன: ஆங்கில வினை, அதன் உருதுப் பொருள், தமிழ்ப் பொருள். உருது எழுத்து அவருக்குத் தெரியாதாகையால் மூன்றையுமே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறார். காய்ச்சலைக் குறிக்கும் உருதுச் சொல் அவரது ஏட்டிற் ‘புகார்’ என்று நிற்பதைக் கண்டு, சோழர் துறைமுகத்திற்கும் காய்ச்சலுக்கும் யாது தொடர்பென்று நாம் சிறிது மயங்கியதுண்டு.

இவ்வேட்டில் ‘ஹாவ்’ என்னும் வினைக்குரிய பக்கமே இக்கட்டுரையின் பொருளாகும். அப்பக்கத்தின் தலையில் உருதுப் பொருளாக ‘ரக்னா’ என்ற ஒரு சொல் எழுதப்பட்டு, பின்னர் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே வாக்கியங்கள் தொடங்குகின்றன. ‘மேரே பாஸ் கிதாப் ஹை’ என்பதற்கு எதிரே ‘என்னட்டைப் புத்தகம் கிடக்கு’ என்றும், ‘மேரே தோ பச்சே ஹைன்’ என்பதற்கு எதிரே ‘எனக்கு ரண்டு பிள்ளையள்’ என்றும், ‘முஜே புகார் ஹை’ என்பதற்கு எதிரே ‘எனக்குக் காய்ச்சல்’ என்றும் காணப்படுகின்றன. இம்மூன்றுக்கும் இடப்பத்தியில் ‘ஐ ஹாவ்’ என்ற ஒரே தொடக்கமே உள்ளது. ‘ரக்னா’வை அடித்தவர் அறை நண்பரா அம்மானா என்பது எமக்குத் தெரியாது. எவராயினும், அக்கோடு அகராதியியல் பற்றிய ஒரு விமர்சனம் என்றே நாம் கொள்கிறோம்.

அக்கோட்டின் பெறுமதியை உணர, ‘ஹாவ்’ என்பதற்கு நமது கைந்நூல்கள் தரும் பொருள்களை நோக்க வேண்டும். ‘வைத்திரு’, ‘உடைத்தாயிரு’, ‘கொண்டிரு’ என்பனவே அவற்றிற் பெருவழக்கு. இவற்றுள் ‘உடைத்தாயிரு’ என்பது எவரும் வாய்திறந்து சொல்லாத வடிவம். உடைமைப் பொருளை ஒரு தனி வினையாற் கூறவேண்டுமென்ற நிர்ப்பந்தம் தமிழுக்கு என்றும் இருந்ததில்லை. பொன்னை உடையவனைப் பொன்னன் என்றும் குழையை உடையவனைக் குழையன் என்றும் கூறி, அப்பெயரையே குறிப்பு வினைமுற்றாக நிறுத்தி வாக்கியத்தை முடித்துவிட்ட மொழி இது. அத்தகைய மொழியில் ‘ஹாவ்’ என்பதற்கு நேரான வினையொன்றைத் தேடிப் பிடித்தே தீர வேண்டுமென்று முயன்றதன் விளைவே ‘உடைத்தாயிரு’ என்ற இந்தப் பொய்க்கால் வினை.

‘வைத்திரு’ என்பதோ உயிருள்ள வினை. ஆகவே அது செய்யும் கேடு அதிகம். பேனா வைத்திருக்கிறேன், கடை வைத்திருக்கிறார் என்பன பொருந்தும். ஆனால் ஒருவருக்கு மனைவி உண்டு என்று கூறும் ஆங்கில வாக்கியத்தை இவ்வினையைக் கொண்டு தமிழாக்கினால் நேரும் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. ‘வைப்பாட்டி’ என்னும் சொல் பிறந்தது ‘வை’ என்னும் இவ்வடியிலிருந்தேயாகும். வியப்புக்குரியது யாதெனில், உருதுவிலும் நிலைமை இதுவே. ‘ரக்னா’ என்பது வைத்தல், வைத்திருத்தல் என்று பொருள்படுவது. அதனின்று பிறந்த ‘ரகேல்’ என்னும் சொல்லுக்கும் வைப்பாட்டி என்பதே பொருள். ஒன்றுக்கொன்று இன உறவில்லாத இரு மொழிகள் ஒரே வினையடியிலிருந்து ஒரே இழிவழக்கை ஆக்கிக்கொண்டுள்ளன. இரு மொழியினருக்கும் ஆங்கில ‘ஹாவ்’ இதே பொறியில் வைத்து ஊட்டப்படுகிறது. லாகூரிலோ இணுவிலிலோ, பொருட்பட்டியலை மட்டும் நம்பிய மாணவன் ஒரே குழியில் விழுவான்.

பொறியைக் கடந்து அப்பால் நிற்கும் மூன்று வாக்கியங்களே இலக்கண நோக்கில் முக்கியமானவை. உருது, உடைமையை மூன்று வகையாகப் பிரித்துக் கூறுகிறது. கையிலோ அருகிலோ உள்ள பொருளைக் கூறும்போது ‘பாஸ்’ என்னும் அண்மைப் பொருட் சொல்லைச் சேர்க்கிறது. மக்கள், உடன்பிறந்தார், கைகால் முதலியவற்றைக் கூறும்போது அச்சொல் நீங்க, ஆறாம் வேற்றுமை மட்டும் நிற்கிறது. நோய், பசி, நினைவு முதலியன உடையவனை வந்தடைவனவாதலின் நான்காம் வேற்றுமை வருகிறது. தமிழிலே முதலாவதற்கு ‘இடம்’ என்னும் உருபும், ஏனைய இரண்டிற்கும் ‘கு’ உருபும் வருகின்றன. பிரிவுக்கோடு சற்று இடம் மாறி விழுகிறதேயன்றி, பிரிக்கும் மனப்பாங்கு ஒன்றே.

நம் இலக்கணகாரர் இதை அறியாதவர் அல்லர். ஆறாம் வேற்றுமையின் பொருளைத் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் இரண்டாக வகுத்தனர். சாத்தனது கை சாத்தனின் வேறல்லாதது. சாத்தனது பசு அவனின் வேறாயது. தொல்காப்பியமோ இயற்கை, உடைமை, முறைமை, கிழமை எனக் கிழமைப் பொருளின் விரிவை மேலும் நுணுகி எண்ணுகிறது. இருபதாம் நூற்றாண்டின் மொழியியலாளர், பிரிக்கத்தகும் உடைமை, பிரிக்கத்தகா உடைமை என்று பெயரிட்டு உலக மொழிகளெங்கும் தேடிய வேறுபாட்டின் சாயலை நமது பாடசாலை இலக்கணப் புத்தகத்தின் வேற்றுமை இயலிலேயே காணலாம். எனினும் ஆங்கிலப் பாடம் நடத்தும் அறைக்குள் அவ்வியல் ஒருபோதும் நுழைந்ததில்லை. தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவர் பாடத்தை மற்றவர் திறந்து பாராத நிலை நமது கல்வியமைப்பின் நோய்களுள் ஒன்று.

இவ்விலக்கணப் பாகுபாடு பேச்சுவழக்கோடு முற்றும் ஒத்துப்போகிறது என்று நாம் வாதிடவில்லை. யாழ்ப்பாணத்தார் ‘என்னட்டைக் காசு இருக்கு’ என்பர். ஆனால் ‘எனக்குத் தாவடியிலை நாலு பரப்புக் காணி இருக்கு’ என்பர். காசு பிறிதாகவும் காணி பிள்ளையைப் போலவும் காய்ச்சலைப் போலவும் தன்னோடு ஒட்டியதாகவும் அவர் நாவிலே வருகின்றன. உருது பேசுபவர் காணிக்கும் ‘பாஸ்’ என்றே கூறுவது வழக்கம். இவ்விடத்தில் இரு மொழிகளும் பிரிகின்றன. இது சுவையானதொரு வேறுபாடு. ஆயினும் இதிலிருந்து அவசர முடிவுகளுக்கு வருதல் ஆகாது. ‘ஹாவ்’ போன்றதொரு வினை இல்லாமையால் தமிழர் தனியுடைமை உணர்வு குன்றியவர் என்று எண்ணுவார் உளராயின், அவர் தேசவழமையைப் படிக்க வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுத்து முடிக்கப்பட்ட அச்சட்டம், முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்து, எது எவர்க்குச் சேரும் என்பதைத் துல்லியமாக விதிக்கிறது. வினைச்சொல் இல்லாமை வேலிச்சண்டைக்கு ஒருபோதும் தடையாக இருந்ததில்லை! மொழியின் அமைப்பிலிருந்து சமூகத்தின் பொருளாதார அமைப்பை நேராக வாசித்துவிட முனைவது, முற்போக்குச் சிந்தனையின் பேரால் நிகழ்ந்தாலும், விஞ்ஞான நோக்கு ஆகாது.

உண்மையில் விதிவிலக்காக நிற்பது ஆங்கிலமே. பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த், இருத்தல், உடைத்தாதல் என்னும் இரு வினைகளையும் ஆராய்ந்து 1960இல் எழுதிய கட்டுரையில், ‘ஒருவருக்கு உளது’ என்று கூறும் அமைப்பே உலக மொழிகளிற் பரவலானது என்றும், உடையவனை எழுவாயாக்கிக் கூறும் வினை அரிதானது என்றும் காட்டினார். இலத்தீன் மொழியிற்கூட ‘எனக்கு நூல் உளது’ என்ற அமைப்பு உண்டு. ஆகவே, ‘ஹாவ்’ என்பதைப் பிடிக்க முடியாது திணறும் இணுவில் மாணவன் பின்தங்கியவன் அல்லன். பெரும்பான்மை மொழிகள் செல்லும் வழியில் நின்றுகொண்டு, ஒரு சிறுபான்மை வழக்கைக் கற்க முயல்பவன் அவன். இதை எடுத்துக்கூறும் ஒரு கைந்நூலையேனும் நாம் காணவில்லை.

தமிழ் வாக்கியமும் உருது வாக்கியமும் இத்துணை ஒத்திருப்பது தற்செயலன்று. இந்தியாவை ஒரு மொழியியற் பிரதேசமாகக் கொள்ள வேண்டும் என்று எமனோ 1956இலேயே எழுதினார். மகாராட்டிரத்தின் தென்பகுதியிற் கன்னட எல்லையை அடுத்துள்ள குப்வார் என்னும் கிராமத்தை ஆராய்ந்த கம்பர்சும் வில்சனும், அங்கே உருது, மராத்தி, கன்னடம் ஆகியன சொற்களில் வேறுபட்டிருந்தும் வாக்கிய அமைப்பில் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன என்று 1971இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினர். குப்வாரில் நூற்றாண்டுகளின் அயல்வாழ்வு செய்ததை, துபாயின் தொழிலாளர் அறை சில ஆண்டுகளில் வேறுவகையிற் செய்தது எனலாம். அம்மானுக்கு உருது எளிதில் வந்ததற்கும், அவ்வுருது ஆங்கிலத்திற்குப் படியாக அமைந்ததற்கும் இவ்வொற்றுமையே காரணம். சிங்களமும் இவ்வரிசையிலேயே நிற்கிறது. ‘மட உண’ என்றால் எனக்குக் காய்ச்சல். ‘மகே ளங்க சல்லி நே’ என்றால் என்னிடம் காசில்லை. தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் ஆங்கில வகுப்பிற் செய்யும் பிழைகளுட் பல, ஆகவே, ஒரே பிழை. அப்பிழையை இருவரும் ஒருங்கே இனங்கண்டு திருந்துவதற்கான பாடநூல் ஒன்று இந்நாட்டில் ஏன் எழவில்லை என்ற வினா கல்வியியலுக்கு மாத்திரம் உரியதன்று.

இணுவிலைச் சூழ அகராதிப் பணிக்குப் பஞ்சமிருந்ததில்லை. வடக்கே அயலூரான உடுவிலில் பணியாற்றியவர் மிரன் வின்ஸ்லோ. நல்லூரில் இருந்த யோசேப்பு நைற் தொடங்கிவைத்த சொற்றொகுப்பை அடித்தளமாகக் கொண்டு, 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் அவர் முடித்த தமிழ் – ஆங்கிலப் பேரகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. அதற்கு இருபதாண்டுகளின் முன்னர், 1842இல், சந்திரசேகர பண்டிதர் தொகுத்த யாழ்ப்பாண அகராதி அமெரிக்க மிஷனின் முயற்சியால் அச்சேறியது. மானிப்பாய் அகராதி என்றும் அதனை வழங்குவர். இவற்றின் பெருமையை மறுப்பார் எவருமிலர். ஆயினும் இவை யாருக்காக எழுந்தன என்ற வினா எழுப்பப்பட வேண்டியது. வின்ஸ்லோவின் அகராதி, தமிழைக் கற்கும் பிறமொழியாளரையும் மொழிபெயர்ப்பாளரையும் முதன்மையாக மனங்கொண்டது. தமிழ்ச்சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்வது. தோட்டக்காரரின் மகன் ஆங்கிலத்திற்குள் நுழைவதற்கான வாயில் அதிலில்லை. இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆனால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்வாயிலை நாமே அமைக்காதது நமது குறை.

உருதுவின் கதையும் இதற்கு நெடுந்தூரம் அன்று. கல்கத்தாவில் கில்கிறிஸ்ற் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்கிய ஆங்கில – இந்துஸ்தானி அகராதி, கும்பனி உத்தியோகத்தரின் தேவையை ஒட்டியது. மாற்றம் 1879இல் வெளிவந்த ஃபாலனின் அகராதியோடு வந்தது. பழமொழி, பாட்டு, பெண்டிரின் பேச்சு ஆகியவற்றிலிருந்து அவர் எடுத்துக்காட்டுகளைத் திரட்டினார். அக்காலப் பண்டிதர் சிலருக்கு அது அருவருப்பாகவும் இருந்தது. அப்பணியில் உடனுழைத்த சையத் அகமது திகலவி பின்னர் ‘பர்ஹங்கே ஆசபியா’ என்னும் பேரகராதியை ஆக்கினார். மௌலவி அப்துல் ஹக்கின் ஆங்கில – உருது அகராதி 1937இல் வந்தது. இதற்கிடையில் 1918இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற உஸ்மானியாப் பல்கலைக்கழகம், மருத்துவம் உட்பட உயர்கல்வியை உருதுவிற் கற்பித்தது. ஆங்கிலம் அங்கே கட்டாய பாடமாக இருந்தது, போதனாமொழியாக அன்று. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1860களில் மருத்துவத்தைத் தமிழிற் போதிக்கத் தொடங்கியமையும், ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை வெளியிட்டமையும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கன. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பாடசாலை தோன்றியதன் பின்னர், கிறீன் வகுத்த வழி தூர்ந்தது. 1948இன் பின்னர் உஸ்மானியாவின் உருதுப் போதனையும் முடிவுக்கு வந்தது. இவ்விரு முயற்சிகளின் தோல்வியும் ஆங்கிலத்தின் வெற்றியாகப் பேசப்படுகிறது. ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்பிப்பதற்கு இன்றியமையாத கருவியையும் அத்தோல்விகளோடு நாம் இழந்தோம் என்பதே எமது துணிபு. தன் மொழியில் ஒரு துறையைச் சிந்தித்தறிந்தவனே பிறமொழியின் வேறுபாட்டைத் தெளிவாக உணர வல்லவன்.

கிறீன் மறைந்து பதினான்கு ஆண்டுகளின் பின், 1898இல், இணுவிலிலேயே மக்லியொட் பெண்கள் மருத்துவமனை எழுந்தது. ‘எனக்குத் தலையிடி’, ‘எனக்குத் தடிமன்’ என்று வந்துரைத்த பெண்களுக்கும் மேனாட்டு மருத்துவருக்கும் இடையே தினமும் நிகழ்ந்திருக்கக்கூடிய மொழிமாற்றத்தை எண்ணிப் பார்க்கலாம். ‘எனக்கு’ என்பது ‘ஐ ஹாவ்’ என மாறுவதை எந்த அகராதியையும் புரட்டாமலே இவ்வூர்த் தாதியர் அறிந்திருப்பர். அவ்வறிவு ஏட்டில் ஏறாது போயிற்று.

குறிப்பேட்டுக்கு மீள்வோம். அதனைப் புனிதப்படுத்துவது எமது நோக்கமன்று. அதன் குறைகள் கண்கூடு. ‘ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்’ என்றொரு வாக்கியம் அதிலும் உண்டு. ‘இருக்கிறது’ என்பதிலுள்ள நிகழ்கால உணர்வைத் தொடர்வினையாகக் கொண்டதால் நேர்ந்த பிழை இது. தமிழரும் உருது மொழியினரும் பரவலாகச் செய்வது. தலைமயிர் வெட்டுவித்துக்கொண்டதைக் கூறும் இடத்திலும் ஏடு தவறுகிறது. உருதுப் பத்தியில் ‘கட்வாயே’ என்று பிறவினை சரியாகவே நிற்கிறது. தமிழ்ப் பத்தியிலோ ‘மயிர் வெட்டினன்’ என்றுள்ளது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் தானே வெட்டியதும் பிறரைக் கொண்டு வெட்டுவித்ததும் ஒரே வடிவில் வழங்குகின்றன. ‘வெட்டுவி’ என்னும் பிறவினை நன்னூலோடு நின்றுவிட்டது. ஆகவே ஆங்கிலப் பத்தியில் ‘ஐ கட் மை ஹெயர்’ என்று எழுதிவிட்டார். உருதுவைப் பின்பற்றியிருந்தால் ‘ஹாவ்’ கைவந்திருக்கும். தன் பேச்சைப் பின்பற்றியதால் தவறிற்று. தாய்மொழி எப்போதும் துணைபுரியும் என்ற எளிய நம்பிக்கைக்கு இது நல்லதொரு மாற்றுச்சான்று.

நிறைவெச்சப் பொருளில் வரும் ‘ஹாவ்’ பற்றி ஏட்டில் அதிகமில்லை. ‘கா லியா’ என்பதற்கு எதிரே ‘சாப்பிட்டிட்டன்’ என்றும், ‘லிக் தியா’ என்பதற்கு எதிரே ‘எழுதிக் குடுத்திட்டன்’ என்றும் இரண்டே உள. லேனா, தேனா என்ற உருதுத் துணைவினைகள் கொள், கொடு என்ற நமது துணைவினைகளோடு இணைந்து செல்வது தனிக் கட்டுரைக்குரிய பொருள். ‘ஹாவ்’ என்னும் ஒற்றைச்சொல்லால் அவ்வேறுபாட்டை ஆங்கிலம் காட்ட இயலாது என்பதை மட்டும் குறித்து அப்பாற் செல்லலாம்.

ஏட்டின் அப்பக்கத்திற் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது ‘ஹாவ் டு’. ‘யூ ஹாவ் டு கம்’, ‘யூ ஹாவ் டு பினிஷ்’, ‘யூ ஹாவ் டு கீப் குவயட்’ என வரிவரியாகச் செல்கிறது. உருதுப் பத்தியில் இங்கே இருவகை உண்டு. ‘முஜே ஜானா ஹை’ என்றால் போகவேண்டியிருப்பது. ‘முஜே ஜானா படா’ என்றால் போக நேர்ந்தது, வேறு வழியின்றிப் போனது. ‘படா’ என்பதன் அடிப்பொருள் விழுதல். தமிழ்ப் பத்தியில் முதலாவதற்குப் ‘போகவேணும்’ என்றும் இரண்டாவதற்குப் ‘போகவேண்டி வந்திட்டுது’ என்றும் அம்மான் எழுதியிருக்கிறார். எந்தக் கைந்நூலும் தராத நுட்பம் இது. ஆயினும் இந்த நுட்பத்தை அவர் எங்ஙனம் பெற்றார் என்பதை மறத்தலாகாது. கைந்நூல்கள் ‘ஐ ஹாவ் எ பென்’ என்று பேனாவிலும் வீட்டிலும் மோட்டார் வண்டியிலும் தொடங்குகின்றன. உடைமையே அவற்றின் முதற்பாடம். தொழிலாளியின் ஏட்டிலே உடைமை மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய வரிகளெல்லாம் கடப்பாடு. எழுவாயும் பெரும்பாலும் ‘யூ’, ‘ஐ’ அன்று. ஒரே வினை வர்க்கத்துக்கு வர்க்கம் எவ்வாறு வேறு முகத்தோடு வந்து நிற்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் சான்று எமக்குக் கிடைத்ததில்லை.

ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் ‘கடுவ’, அதாவது வாள், என்று வழங்குவர். இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரக் கருவியாக இயங்குமாற்றைத் திரு கந்தையா 1984இல் ஆராய்ந்தார். இணுவிலுக்கு அண்மையிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆங்கில வகுப்பையே களமாகக் கொண்டு சுரேஷ் கனகராஜா எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது. அமெரிக்க வாழ்வைச் சித்திரிக்கும் பாடநூலொன்றின் ஓரங்களில் மாணவர் கிறுக்கிய படங்களையும் குறிப்புகளையும் அவர் சான்றாக எடுத்தாண்டார். பாடத்தை வெளிப்படையாக மறுக்காத மாணவர், ஓரத்திலே தம் எதிர்வினையைப் பதித்தனர் என்பது அவரது விளக்கம். அவ்வாய்விலிருந்து எமது நோக்கு ஓரிடத்தில் விலகுகிறது. பல்கலைக்கழக மாணவரின் ஓரக்குறிப்பு பாடத்திலிருந்து விலகி நிற்கும் முயற்சி. அம்மானின் ஏடோ ஓரமின்றி முழுப்பக்கத்தையும் தானே எழுதிக்கொண்டது. வாளை மறுப்பது ஒருவகை; அதன் பிடி எங்கே, அலகு எங்கே என்று தடவிப் பார்த்து அறிவது வேறுவகை. பின்னதையும் எதிர்ப்பின் ஒரு வடிவமாகக் கொள்ள ஆய்வாளர் முன்வர வேண்டும்.

எமது பரிந்துரை இலகுவானது. ஹோர்ன்பியின் ஆங்கில அகராதி 1942இல் சப்பானில் முதலில் வெளிவந்தபோதே, ஒவ்வொரு வினையும் எவ்வகை வாக்கிய அமைப்பில் வரும் என்பதை 25 அமைப்புகளாக வகுத்துக் காட்டியது. சப்பானிய மாணவரோடு பழகிய ஆசிரியரின் அனுபவத்திலிருந்து பிறந்தது அது. தமிழ் மாணவருக்கு அதன் மறுபாதி வேண்டும்: ஆங்கில அமைப்புக்கு எதிரே தமிழ்ச் சொல்லன்றித் தமிழ் வாக்கிய அமைப்பு. ‘ஹாவ்’ என்பதன் கீழ், என்னிடம் உண்டு, எனக்கு உண்டு, செய்யவேண்டும், செய்யவேண்டி வந்தது, செய்துவிட்டேன், செய்வித்தேன் என்னும் ஆறும் வேற்றுமைப் பெயரோடும் எடுத்துக்காட்டோடும் நிற்க வேண்டும். ‘வைத்திரு’ என்பது ஏழாவதாக, எச்சரிக்கையோடு வரலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்த அரிய படைப்பு. கலைச்சொற்களுக்கு இன்றும் பயன்படுவது. ஆயின் அது பொருளை விளக்கும் நூலேயன்றி வினையின் புழக்கத்தைப் பயிற்றும் நூலன்று. அதன் ஆக்கியோர் அதை நோக்கமாகக் கொண்டிருக்கவும் இல்லை.

எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எழுத்துவழக்கிலா பேச்சுவழக்கிலா அமைய வேண்டும் என்று கேட்போர் இருப்பர். ‘என்னட்டை’ என்பதை அச்சேற்றினால் தமிழ் கெடும் என்பது பண்டிதர் சிலரின் அச்சம். மாணவன் மனத்தில் முதலில் எழுவது ‘என்னட்டை’ என்பதே. அதிலிருந்து அவன் ‘ஐ ஹாவ்’ என்பதற்குச் செல்கிறான். ‘என்னிடத்து உளது’ என்பதிலிருந்து அன்று. ஆகவே இரண்டையும் அருகருகே தருதல் தகும். ஃபாலன் 1879இல் செய்யத் துணிந்ததை நாம் இப்போது செய்வதற்கு அஞ்ச வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து வழக்கோடு மட்டக்களப்பு வழக்கும் மலையகத்து வழக்கும் சேர்க்கப்பட வேண்டும். ‘எனக்கு’, ‘என்னட்டை’ என்பவற்றின் எல்லை அங்கெல்லாம் எங்ஙனம் விழுகிறதென்பது இன்னும் ஆராயப்படாதது. குறிப்பேட்டில் ‘ஹாவ்’ என்பதற்கு அடுத்து ‘டேக்’, ‘கெற்’ என்னும் வினைகளுக்கும் பக்கங்கள் உள்ளன. ‘கெற்’ என்பதற்குரிய உருதுப் பத்தி நிரம்பியிருக்கிறது. தமிழ்ப் பத்தியில் ஐந்து வரிகளின் பின் எழுத்தில்லை.